மூணு நாலு மாசம்

பெங்காலியான்னா கேட்டீங்க? இல்லம்மா, நான் தமிழ்தான். நேத்து ஹௌராவுல ஏறும்போது பொட்டி தூக்கினவன்கிட்ட நான் போட்ட சண்டையைக் கேட்டிருப்பீங்க. அதான் ஏமாந்துட்டீங்க. எல்லாரும் ஏமாறுவாங்க. இருபத்தாறு வருஷம் கரக்பூர்ல இருந்தவ நான். எங்க வீட்டுக்காரர் அங்க ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். மீன் மார்க்கெட்டுல பேரம் பேசிப் பேசி வந்த பாஷை இது. படிச்சு வந்திருந்தா இவ்வளவு வராது.

என் பேர் அம்சவேணி. நீங்களும் சென்ட்ரல்தானே? அப்ப நேரம் கெடக்கு. காலை இப்படி நீட்டிக்குங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல.

கல்கத்தாவுல எனக்கு யாரும் இல்லைங்க. ஒருத்தரைப் பாக்கப் போனேன். பாத்தாச்சு. அரை மணி நேரம். அதுக்குப் போக ஒரு ராத்திரி ஒரு பகல், வர ஒரு ராத்திரி ஒரு பகல். என் பொண்ணுகிட்ட சொன்னா திட்டுவா. அதனால சொல்லல. சுபாஷிணின்னு பேரு, புனாவுல இருக்கா. ரொம்பப் பாசம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணிடுவா. முடியலைன்னா மெசேஜ் போட்டுடுவா. அவளை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் மெட்ராஸ் வந்துட்டோம். ஆயிரம் விளக்குல அவங்க அப்பா கட்டின வீடு. கீழ ரெண்டு ரூம், மேல ரெண்டு ரூம். வந்த மூணாவது வருஷம் அவர் போயிட்டாரு. எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், விடுங்க. பங்களாதேஷ்லேருந்து தெனம் ஜனம் வந்து இறங்கும். அவங்க ஊர்ல அந்த வைத்தியம் கிடைக்கிறதில்ல, கிடைச்சாலும் நம்பிக்கை இல்ல. சிங்கப்பூர் போக வசதி இல்ல. நம்ம ஊர் டாக்டர்னா அவங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அந்தப் பக்கம் போனீங்கன்னா போர்டெல்லாம் பெங்காலியிலதான் இருக்கும், கடுகெண்ணெய் வாசனை தெருமுனையிலயே வரும்.

ஒரு நாள் எனக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போறேன், மருந்துக் கடையில ஒரு அம்மா அழுதுகிட்டு நிக்குது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடறதா பின்னாடி போடறதான்னு கேக்கத் தெரியல. நான் கேட்டுச் சொன்னேன். என் கையைப் பிடிச்சது பாருங்க, விடவே இல்ல. அப்படி ஆரம்பிச்சதுதான். அப்புறம் ஆஸ்பத்திரியில வெளிநாட்டு ஆளுங்க கவுன்ட்டர்லயே என் நம்பரை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அவங்க ஆளு லீவுன்னா, கூட்டம் ஜாஸ்தின்னா, "அம்சாம்மா வர்றீங்களா"ன்னு கூப்பிடுவாங்க. மாடியையும் வந்தவங்களுக்கே வாடகைக்கு விட்டேன். ஏழு வருஷத்துல எத்தனை பேருங்கறீங்க! நல்லாகிப் போவாங்க. போனதும் ஒரு வாரம் போன் வரும். அப்புறம் நின்னுடும். அது நியாயம்தானே? நல்லானவங்க எதுக்கு ஆஸ்பத்திரித் தெருவை நெனைக்கணும்?

ஒருத்தரைப் பாக்கப் போனேன்னேனே, அவரும் அவர் சம்சாரமும் என் மாடிக்கு வந்தது ஒரு மார்கழியில. மொத்தாலிப்னு அவர் பேரு. அந்தம்மா ரௌஷன். பாகேர்ஹாட்னு ஒரு ஊர்லேருந்து வந்தாங்க. அவர் டெய்லர். பெங்காலி எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. அந்தம்மாவுக்கு வயித்து வலி, சாப்பாடு இறங்கல, கண்ணெல்லாம் மஞ்சள். ஒரே பொண்ணு, ஷிரின்னு. அவளுக்கு அப்ப அஞ்சாம் மாசமோ ஆறாம் மாசமோ, அதனால கூட வர முடியல.

டெஸ்ட் எடுக்க, ரிசல்ட் வரன்னு ரெண்டு வாரம் போச்சு. அதுக்குள்ள என்ன ஆச்சுன்னா, மொத்தாலிப் பாய்க்குச் சும்மா உக்காரத் தெரியல. பரண்ல எங்க வீட்டுக்காரரோட அம்மா காலத்துத் தையல் மெஷின் ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடந்தது. அதை இறக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, பெல்ட் மாத்தி ஓட்டினாரு பாருங்க! முதல்ல என் ரவிக்கை நாலு பிரிச்சுத் தச்சாரு. இதோ இப்பப் போட்டிருக்கறதும் அவர் தச்சதுதான். அப்புறம், "தீதி, உங்க வீட்டு ஜன்னலெல்லாம் மொட்டையா இருக்கு, துணி வாங்கிட்டு வாங்க"ன்னாரு. தீதின்னா அக்கா. நீலத்துல வெள்ளைப் பூப் போட்ட துணி எடுத்தேன். காலையில கண்ணு முழிச்சா மெஷின் சத்தம். அந்தம்மா வலி குறைஞ்ச நேரத்துல படி இறங்கி வந்து என்கூட காய் நறுக்கும். புளி போட்ட குழம்பை அவர் முகம் சுளிச்சுக்கிட்டே சாப்பிடுவாரு. நானும் ரௌஷனும் அதுக்குச் சிரிப்போம். தட்டு மூணு வைப்பேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒன்பது வருஷமா அந்த வீட்டுல நான் ஒரே ஒரு தட்டுதான் கழுவிக்கிட்டிருந்தேன்.

ரிசல்ட் வந்த அன்னிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். என்கிட்ட தமிழ்லதான் பேசுவாரு. ரெண்டு பேரையும் எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு, ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல மாட்டிட்டு, என்னைப் பாத்துச் சொன்னாரு.

"அம்மா, கணையத்துல வந்து ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. ஆபரேஷன் பண்றதுக்கு இல்ல. மருந்து ஏத்தலாம், ஆனா பெரிசா பலன் இருக்காது, உடம்புதான் படாத பாடு படும். மூணு நாலு மாசம் இருப்பாங்க. நான் அவங்களா இருந்தா நாளைக்கே கூட்டிட்டுப் போய் சொந்தக்காரங்களோட வச்சுக்குவேன். இதைப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

பக்குவமான்னு அவரே சொன்னாரும்மா. அந்த வார்த்தையை கவனிச்சுக்குங்க.

நான் ரௌஷன் பக்கம் திரும்பினேன். அது என்னைப் பாத்துக்கிட்டே இருக்கு. டாக்டரைப் பாக்கல, என்னைத்தான் பாக்குது. அந்த நேரத்துல என் மனசுல என்ன வந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. காலையில அது அரிசி ஊற வச்சிருந்துச்சு. சாயந்திரம் அவங்க ஊர்ப் பலகாரம், தேங்காயும் வெல்லமும் வச்சுச் செய்யறது, எனக்குச் செஞ்சு காட்டறேன்னு. கூடத்து ஜன்னலுக்கு அவர் அளவு எடுத்து வச்சிருந்தாரு, துணி வெட்டல. இதெல்லாம்தான் வந்துச்சு. ஏன்னு தெரியல.

"டாக்டர் என்ன சொல்றாரு தீதி?"ன்னாரு மொத்தாலிப் பாய்.

"உள்ள வீக்கம் இருக்காம். மருந்து ஏத்தி அதை வத்த வைக்கணுமாம். அப்புறம்தான் ஆபரேஷனைப் பத்திப் பாக்கணுமாம். மூணு நாலு மாசம் ஆகுமாம்"னேன்.

மூணு நாலு மாசம்ங்கறதை நான் மாத்தலம்மா. டாக்டர் சொன்னதை அப்படியேதான் சொன்னேன்.

அவர் கண்ணை மூடி அல்லாவுக்கு நன்றி சொன்னாரு. டாக்டர் என்கிட்ட, "எல்லாம் சொல்லிட்டீங்களா? என்ன சொல்றாங்க?"ன்னாரு. "சொல்லிட்டேன் டாக்டர், இங்கேயே இருந்து வைத்தியம் பாக்கணும்ங்கறாங்க"ன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "அவங்க இஷ்டம்"னு எழுதிக் கொடுத்தாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல.

உங்க அம்மாவா இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா, அதைச் சொல்லுங்க. ஒரு மனுஷியோட மூஞ்சியைப் பாத்து, நீ செத்துடுவேன்னு? எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்.

அன்னிக்குச் சாயந்திரம் பலகாரம் செஞ்சோம். எனக்கு சரியா மடிக்க வரல. ரௌஷன் என் விரலைப் பிடிச்சு மடிச்சுக் காட்டுச்சு.

மருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க. மாசத்துல ரெண்டு தடவை. முடி கொட்டிச்சு, வாயெல்லாம் புண்ணு. நான் செய்யாத பணிவிடை இல்லம்மா. கஞ்சி வடிச்சு ஆற வச்சுக் கொடுப்பேன். விசா நீட்டிக்கணும்னு ஆபீஸ்ல போய் நின்னது நான். அவங்க ஃபைல் பூரா என் பீரோவுலதான் பத்திரமா வச்சிருந்தேன். அவர் மருமகன் ஊர்ல மருந்துக்கடை வச்சிருக்கறவன், ரிப்போர்ட்டையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ரெண்டு மூணு தடவை கேட்டானாம். இத்தனூண்டு போன்ல அனுப்பினா அவனுக்கு என்ன புரியும்? வீணா பயந்து பொண்ணுகிட்ட உளறுவான், அது வேற மாசமா இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்.

பங்குனியில ஷிரினுக்குப் பையன் பொறந்தான். போன்ல காட்டினாங்க. ரௌஷன் அந்தப் போனைக் கீழ வைக்காது. சார்ஜ் போயிடும், அப்பவும் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பாத்துக்கிட்டிருக்கும். ஒரு நாள் மாடிக்குக் கஞ்சி கொண்டு போறேன், என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, "தீதி, பதினஞ்சு நாள். பதினஞ்சே நாள் போயிட்டு, பையனைத் தூக்கிப் பாத்துட்டு, திரும்பி வந்துடறேன். டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு"ன்னுச்சு.

மறுநாள் வந்து, கேட்டேன், நடுவுல விடக் கூடாதுங்கறாருன்னு சொன்னேன்.

உண்மையில அன்னிக்கு டாக்டர் லீவு. ஆனா கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. எந்த டாக்டர் வைத்தியத்தை நடுவுல விடச் சொல்வாரு? அந்த உடம்போட ஏரோப்ளேன் ஏறி, பஸ்ஸுல போய்... எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கும் ரௌஷன் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் சொன்னதும் விட்டுடுச்சு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் கீழ இறங்கி வரவே இல்ல.

சித்திரை நடுவுல ஒரு மத்தியானம் போயிடுச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவர் தொழுதுட்டிருந்தாரு. டாக்டர் சொன்ன கணக்குத் தப்பல பாருங்க. நல்ல டாக்டர்.

உடம்பை ஊருக்குக் கொண்டு போறதுன்னா தூதரகம், சர்ட்டிபிகேட், பெட்டின்னு நாலஞ்சு நாள் ஆகும்னாங்க. அவ்வளவு நாள் வைக்கக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டாரு. ராயப்பேட்டையில அடக்கம். எங்க தெருக் கடைக்காரப் பசங்க எட்டுப் பேர் தூக்கிட்டுப் போனாங்க. அந்தம்மா பேர்கூட அவங்களுக்குத் தெரியாது. ஷிரின் போன்ல போட்ட சத்தம் மட்டும்... அதை விடுங்க.

நாலாம் நாள் அவர் கிளம்பிட்டாரு. கூடத்து ஜன்னல் துணியை மடிச்சு மெஷின் மேல வச்சிருந்தாரு, தைக்காமலே. ஃபைலைக் கேட்டாரு. கொடுத்தேன். கொடுக்காம என்ன பண்றது?

அப்புறம் போன் இல்ல. நான் பண்ணுவேன், எடுக்க மாட்டாரு. ஒரு வாரம் பேசிட்டு நிறுத்தறவங்க உண்டுன்னேனே, இவர் அந்த ஒரு வாரம்கூடப் பேசல. அதுதான் எனக்கு மனசுக்கு ஆறல. அஞ்சு மாசம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ராயப்பேட்டைக்குப் போவேன். உள்ள பொம்பளைங்க போற வழக்கம் இல்லன்னாங்க. கேட்டுக்கு வெளிய நின்னுட்டு வருவேன். அங்க அதுக்கு வேற யார் இருக்கா? அதுகிட்ட அதோட பாஷையில பேச மெட்ராஸ்ல நான் ஒருத்திதான். கேட்டுக்கு வெளிய நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வருவேன். வாட்ச்மேன் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்.

ஆஸ்பத்திரியிலயும் இப்ப கூப்பிடறதில்ல. அவங்களே நாலஞ்சு ஆளு போட்டுட்டாங்க. மாடியும் பூட்டித்தான் கெடக்கு.

ஒன்றரை வருஷம் கழிச்சு, போன மாசம், அவர் நம்பர்லேருந்து போன். "தீதி, கண்ணு ஆபரேஷனுக்குக் கல்கத்தா வர்றேன், மருமகன் கூட்டிட்டு வர்றான். மெட்ராஸ் வரைக்கும் வர உடம்புல தெம்பில்ல. உங்களால வர முடியுமா? ஒண்ணு கேக்கணும், நேர்ல கேக்கணும்"னாரு. நான் யோசிக்கவே இல்ல. எப்ப வரணும்னு மட்டும்தான் கேட்டேன். முறுக்கு அவருக்குப் பிடிக்கும், சுட்டு எடுத்துக்கிட்டேன். சமாதியை ஒரு பையனை அனுப்பி போட்டோ எடுத்து, ஸ்டூடியோவுல பெரிசா போட்டுக்கிட்டேன். நல்லாருக்கீங்களான்னு கேக்கத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சேன். வேற எதுக்குக் கூப்பிடுவாங்க?

நேத்து மத்தியானம் பாத்தேன். கண்ணாஸ்பத்திரி வாசல்ல ஒரு டீக்கடை, வெளிய பெஞ்சு. ஒரு கண்ணுல கட்டு. தாடி முழுசா நரைச்சிருந்தது. மருமகன் தள்ளி நின்னான், கிட்ட வரல. என்னைப் பாத்து வணக்கமும் சொல்லல. படிச்ச பையன், அவ்வளவு மரியாதை தெரிய வேணாமா?

முறுக்கை வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. போட்டோவை அந்த ஒத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போய் ரொம்ப நேரம் பாத்தாரு. சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

"தீதி, மருமகன் ஃபைலைப் படிச்சான். முதல் நாளே எழுதியிருக்காம், ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. நான் சண்டை போட வரல. டாக்டர் வேகமாப் பேசியிருப்பாரு. இங்கிலீஷ்ல பேசியிருப்பாரு. உங்களுக்குப் பாதி புரியாம இருந்திருக்கும். அப்படித்தானே? அப்படின்னு சொல்லிடுங்க, நான் ஷிரின்கிட்ட போய் சொல்லிடறேன். அவ ஒன்றரை வருஷமா என்கூடப் பேசறதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சும்மா. புரியலையா? எனக்கா? ஏழு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில எத்தனை டாக்டருக்குப் பேசியிருக்கேன், ஒரு வார்த்தை தப்பினது உண்டா? "இல்ல பாய், டாக்டர் தமிழ்லதான் சொன்னாரு. எல்லாம் புரிஞ்சுது"ன்னுட்டேன்.

சொன்னதுக்கப்புறம்தான் அவர் மூஞ்சியைப் பாத்தேன்.

டீ வந்துச்சு. ரெண்டு பேரும் குடிக்கல. அவர் கையில அளவு நாடா சுத்தற மாதிரி விரலைச் சுத்திக்கிட்டே இருந்தாரு, வெறும் விரலை. "அப்ப ஏன் தீதி?"ன்னாரு.

"ரௌஷன் மூஞ்சியைப் பாத்து எனக்கு மனசு வரல பாய்"னேன்.

"அவ தெனம் ராத்திரி என்கிட்ட அழுவா. போயிடலாம், போயிடலாம்பா. நான்தான் திட்டுவேன். தீதிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், தீதி நம்ம நல்லதுக்குத்தான் சொல்வாங்க, சும்மா படுன்னு. கடைசியா அவகிட்ட நான் பேசினது அதுதான்."

நான் என்னென்னமோ சொன்னேன். கஞ்சி வச்சுக் கொடுத்ததைச் சொன்னேன், விசா ஆபீஸ்ல நின்னதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கேட்டுல போய் நிக்கறதைச் சொன்னேன். கூடத்து ஜன்னல் இன்னும் மொட்டையாத்தான் இருக்கு பாய், மெஷினைத் தெனம் துடைச்சு வைக்கறேன், நீங்க ஒரு தடவை வந்து தச்சுக் கொடுத்துட்டுப் போங்கன்னும் சொன்னேன். அதை ஏன் அப்பச் சொன்னேன்னு தெரியல. வாயில வந்துடுச்சு.

அதைக் கேட்டதும் நிமிந்து பாத்தாரு. அவருக்கு ஏதோ புரிஞ்ச மாதிரி இருந்தது அந்தப் பார்வை. என்ன புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. கோபமா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். கோபம் இல்ல. பாவம்னு பாக்கற மாதிரி இருந்தது. நான் என்ன பாவம்? பொண்டாட்டியைப் பறிகொடுத்தது அவரு.

முறுக்குப் பொட்டலத்தை எடுத்து பெஞ்சுல என் பக்கத்துல வச்சாரு. எழுந்திரிச்சாரு.

உங்களுக்குத் தெரியுமாம்மா, பெங்காலியிலயும் நம்மள மாதிரிதான். வீட்டை விட்டுக் கிளம்பறவங்க போறேன்னு சொல்லக் கூடாது. 'ஆஷி'ம்பாங்க. வர்றேன்னு அர்த்தம். 'ஜாய்'னா போறேன். சின்னப் பிள்ளைங்க தெரியாமச் சொன்னாக்கூட அதட்டித் திருத்துவாங்க. அஞ்சு மாசமும் அவர் என் வாசப்படி இறங்கும்போதெல்லாம், பால் வாங்கப் போனாலும் சரி, 'ஆஷி தீதி'ன்னுட்டுத்தான் இறங்குவாரு. பொண்டாட்டியை அடக்கம் பண்ணிட்டு ஒத்தையாக் கிளம்பின அன்னிக்குக்கூட 'ஆஷி'ன்னுதான் சொன்னாரு.

நேத்து 'ஜாய்'னாரு. 'ஜாய், தீதி.' சொல்லிட்டு மருமகன் தோளைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. திரும்பிப் பாக்கல.

கண்ணுல கட்டு, மருமகன் அவசரப்படுத்தறான், வெயில் வேற. வாய் தவறியிருக்கும். அவர் பாஷைதான், இருந்தாலும் அவசரத்துல யாருக்கும் வாய் தவறும் இல்லையா? நீங்க சொல்லுங்கம்மா. தவறும்தானே?